பாதிச் சொல்லில் முளைத்த பல்

எனக்குப் பல்வலி வந்தது என் வாயில் அல்ல, உம்மாவின் வாயில். எங்கள் குசினியில், பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், உம்மா ஒரு சொல்லைப் பாதியில் விழுங்கியதால் வந்த வலி அது.

உம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவர். மாத்தளை முழுக்க கெம்பஸ் என்று சொல்லும்போது அவர் மட்டும் பல்கலைக்கழகம் என்பார். ஃப்ரிட்ஜை அவர் குளிர்சாதனப் பெட்டி என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் கறி கெட்டுப்போகும் என்று வாப்பா கேலி செய்வார். அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை உம்மா.

அன்றைக்கு அவர் வாப்பாவிடம் என் விஷயத்தைத்தான் கதைத்துக்கொண்டிருந்தார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அலுவிகாரையில் வீட்டோடு இருந்த காலம். அமெரிக்காவில் ஒரு சின்னத் தனியார் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருந்தேன். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். எடுப்பது கொஞ்சப் பேரைத்தான். அதிலும் முழுச் செலவையும் கல்லூரியே ஏற்றால்தான் நான் போக முடியும். கிடைத்தால் அமெரிக்கா. கிடைக்காவிட்டால் மாத்தளை டவுனில் வாப்பாவின் மிளகுக் கடையில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்த இடம் வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும்.

"மகளுக்கு அந்தப் பல்—" என்று உம்மா தொடங்கினார்.

பின்கதவில் மாமி நின்றார். கையில் ஒரு தட்டு தொதல் இனிப்பு.

உம்மா சொல்லை அந்த இடத்திலேயே வெட்டினார். ஆனால் 'பல்' வெளியே வந்துவிட்டது. கலையும் கழகமும்தான் உள்ளே நின்றன.

"பல்லா? மகள்ட பல்லுக்கு என்ன?" என்றார் மாமி.

உம்மா என்னைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா தொதலைப் பார்த்தார்.

"பல்லு வலி மதினி," என்றார் உம்மா. "கண்டியில ஒரு டொக்டர்ட்ட காட்டணும்."

மாமி போன பிறகு வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "பல்லேகமன்னு முடிச்சிருக்கலாமே! நான்தான் மிளகு எடுக்க அங்க போய் வாறேனே. பல்லுன்னு தொடங்கினா பல்லேகம எவ்வளவு லேசா வருது."

"மகளுக்குப் பல்லேகமயில என்ன வேல?"

"மகளுக்குப் பல்லில மட்டும் என்ன வேல?"

மாமியிடம் ஏன் மறைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. மாமா நோயில் மவுத்தாகிவிட்டார். ஒரே மகன் கட்டாரில் இருக்கிறார். மாமியைப் போல நல்ல மனம் உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. அவருடைய ஒரே குறை, எதைப் பார்த்தாலும் மனம் திறந்து புகழ்வார். "அழகா ஈக்கே!" என்பார், அழகாக இருக்கிறதே என்று. எங்கள் ஆட்கள் யாரையாவது புகழ்ந்தால் கூடவே மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிடுவார்கள், கண்ணூறு படாமல் இருக்க. மாமிக்குச் சந்தோஷம் முந்திவிடும், மாஷா அல்லாஹ் மறந்துவிடும்.

எங்கள் பின்வளவுப் பலாமரத்தைப் பார்த்து அழகா ஈக்கே என்றார். அடுத்த மழையில் அது கோழிக்கூட்டின் மேல் சாய்ந்தது. வாப்பா வாங்கிய வேனைத் தடவிப் பார்த்து அழகா ஈக்கே என்றார். அது அந்த வாரமே நாலந்தைக்குப் பக்கத்தில் நடுரோட்டில் நின்றது. என் சாச்சியின் மகன் குர்ஆன் கிராஅத் ஓதியதைக் கேட்டு என்ன அழகான குரல் என்றார். போட்டிக்கு முதல் நாள் பையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பலாமரத்தின் வேர் உளுத்துப்போயிருந்தது, வேன் மூன்று கை மாறி வந்தது, பையன் ஐஸ்கிரீம் பைத்தியம். இதையெல்லாம் நான் உம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "எல்லாம் சரி மகள். ஆனா இது ஒங்கட வாழ்க்கை. முடிஞ்ச பொறகு சொல்லுவோம்," என்றார்.

அப்படித்தான் என் மேற்படிப்பு பல்லாக மாறியது.

ஆங்கிலப் பரீட்சைக்குக் கண்டிக்குப் போனேன். மாமிக்கு அது பல் எக்ஸ்ரே. விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்கிற ஒரு மிஸ்ஸைப் பார்க்க மறுபடி கண்டிக்குப் போனேன். அது வேர்ச் சிகிச்சை. மாத்தளை ஆசுபத்திரியிலேயே பல்லுப் பகுதி இருக்கும்போது கண்டிக்கு எதற்கு என்று மாமி கேட்டார். இது லேசான பல் இல்லை என்று உம்மா சொன்னார். அந்த நேரத்தில் உம்மா சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மாமி சும்மா இருப்பாரா? காலையில் கராம்பு எண்ணெய். பின்னேரம் உப்புத் தண்ணீர். எந்தப் பக்கம் என்று கேட்டபோது நான் இடது என்றேன். பத்து நாள் கழித்து மறந்துபோய் வலது கன்னத்தைப் பிடித்தேன். மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அல்லாவே, அந்தப் பக்கமும் பரவிட்டா?" அதற்குப் பிறகு திங்களும் வியாழனும் மாமி எனக்காக நோன்பு பிடிக்கத் தொடங்கினார்.

சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. எங்கள் கலியாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைச் சஹன் என்போம். என்னை மாமி தன் சஹனில் உட்கார வைத்தார். வைத்துவிட்டு, "இந்தப் புள்ளக்குக் கடிக்க ஏலாது," என்று சுற்றி இருந்தவர்களுக்கு அறிவித்தார். என் பங்குக் கோழிக்கால் என் கண் முன்னால் எடுக்கப்பட்டு ஒரு பெரியும்மாவின் பக்கம் வைக்கப்பட்டது. பொரித்த இறைச்சியும் அதே வழியில் போனது. எனக்குக் குழைந்த சோறும் பருப்பும் வட்டிலப்பமும் வந்தன. பெரியும்மா என் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே பல்வலியைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை என்றார். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இது வெளியே நடந்தது. வீட்டுக்குள் நடந்த கூத்து வேறு.

அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. வரலாறும் படிக்கலாம், உயிரியலும் படிக்கலாம், சித்திரமும் படிக்கலாம். அதை லிபரல் ஆர்ட்ஸ் என்பார்கள் என்று வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் காதில் விழுந்தது ஆர்ட்ஸ் மட்டும்தான். எங்கள் ஊரில் கணிதமும் விஞ்ஞானமும் கிடைக்காதவர்களைத்தான் ஆர்ட்ஸில் போடுவார்கள்.

"பயோ படிச்ச புள்ள ஆர்ட்ஸ் படிக்க அமெரிக்கா போகணுமா? ஆர்ட்ஸ் மாத்தளையிலயே ஈக்கே."

நான் மறுபடி விளங்கப்படுத்தினேன். உம்மாதான் கடைசியில் காப்பாற்றினார். "பல கலை. அதுதான் பல்கலை. பேரிலயே ஈக்கு," என்றார். வாப்பா அதை ஏற்றுக்கொண்டார். தமிழ் ஆசிரியையைக் கட்டியவருக்கு வேறு வழியில்லை.

பிறகு கட்டுரை. என்னைப் பற்றி நானே எழுத வேண்டும். நான் எப்படிப்பட்டவள், என்னிடம் என்ன விசேஷம், நான் வந்தால் கல்லூரிக்கு என்ன நன்மை. பிறந்த நாளிலிருந்து யாரும் என்னை நேருக்கு நேர் புகழ்ந்துவிடாமல் காவல் காத்த வீட்டில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டும். எனக்குக் கேள்வி கேட்கும் ஆர்வம் அதிகம் என்று எழுதினேன். உம்மா வாசித்துவிட்டு, "அதிகம்னு போடாதீங்க, ஓரளவுன்னு போடுங்க," என்றார். எனக்கு மூன்று மொழி வரும் என்று எழுதினேன். "ஏதோ சமாளிப்பேன்னு போடுங்க." உம்மா திருத்தி முடித்தபோது, எந்தத் திறமையும் இல்லாத, ஆனால் அதற்காக யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஒரு பிள்ளை அந்தக் கட்டுரையில் இருந்தாள்.

"மிளக விக்கப் போய் மிளகு சுமார்ன்னு சொன்னா ஆரு வாங்குவா?" என்று வாப்பா கத்தினார். உம்மாவுக்குத் தெரியாமல் பழையபடி மாற்றித்தான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. பலாமரம் நினைவுக்கு வந்தது.

தை மாதம் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. என்னோடு வீடியோவில் கதைக்க விரும்புகிறார்களாம். அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மாலை, மஃரிப் தொழுது கொஞ்ச நேரம். நான் பாடம் பண்ணிய பதில்களைக் கிணற்றடியிலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நேர்முகத்தேர்வு நாள் பின்னேரம் பெரிய மழை. எங்கள் வீட்டு இணையம் செத்துவிட்டது. ஃபோனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் மழைக்கும் அசையாத இணையம் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. தாயின் முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று கட்டார் மகன் ஃபைபர் இணைப்பு எடுத்துக் கொடுத்திருந்தார். மாமியின் வீட்டில்.

உம்மா மதிலைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. யாருடைய கண்ணிலிருந்து மறைக்க இத்தனை பாடுபட்டோமோ, அந்தக் கண்ணுக்கு முன்னாலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆனால் நேரம் இல்லை. அவரே முன்னால் நடந்தார்.

"மதினி, கண்டி டொக்டர் இவள அமெரிக்காவில ஒரு பெரிய டொக்டரோட கதைக்கச் சொல்லியிருக்காரு. வீடியோவில."

"பல்லுக்கா?"

"பல்லுக்குத்தான்."

மாமி பறந்தார். மேசைக்குப் புது விரிப்பு போட்டார். கதிரைக்குப் பின்னால் இருந்த துணிக் குவியலை அள்ளி அறைக்குள் எறிந்தார். என் லெப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். பிறகு தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கமராவில் படாத இடத்தில் உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு டோர்ச் இருந்தது.

"டோர்ச் எதுக்கு மாமி?"

"வாய்க்குள்ள இருட்டுதானே. டொக்டருக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் திரையில் ஒரு பெண் வந்துவிட்டார். நரைத்த தலை, பெரிய கண்ணாடி, நல்ல சிரிப்பு. வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். உம்மா வாசல் திரைக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று முணுமுணுத்து ஓதிக்கொண்டிருந்தார்.

முதல் கேள்விகள் நன்றாகப் போயின. அண்மையில் என்ன வாசித்தாய், ஊர் எப்படி, எதைப் பற்றி யோசிக்கும்போது நேரம் போவது தெரியாது. நான் பாடம் பண்ணியதை மறந்து உண்மையாகவே பதில் சொல்லத் தொடங்கினேன். கறுவாப் பட்டை மரத்திலிருந்து ஏன் சில மாதங்களில் மட்டும் லேசாக உரிகிறது என்று நானாகவே தேடிப் பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பெண் முன்னால் சாய்ந்து கேட்டார்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "கத போதும், வாயத் தொறங்க," என்று கிசுகிசுத்தார். நான் மேசைக்குக் கீழே கையை ஆட்டினேன். "அந்த டொக்டர்ட பல்லப் பாருங்க, எவ்வளவு அழகா ஈக்கு." எனக்கு அந்தப் பெண்ணின் பல்லுக்காகவும் பயம் வந்தது.

அடுத்த கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கன்னத்தில் வெளிச்சம் அடித்தது. டோர்ச்சைப் பிடித்தபடி மாமி திரைக்குள் வந்துவிட்டார்.

"டொக்டர்! லெஃப்ட் சைட். ரைட் சைட் ஓல்சோ. வெரி பெய்ன்."

திரையில் இருந்த பெண் கண்ணைச் சுருக்கிக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு, "நான் டொக்டர் என்று இவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழைய கால ஐரோப்பிய வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்ற டொக்டராம்.

என் காது இரண்டும் சுடத் தொடங்கின. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. இடம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகிறது போகட்டும், என்ன நடந்தது என்றாவது சொல்லிவிடுவோம் என்று, மாமிக்குப் பிடிபடாத வேகத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் மொழியில் பல் என்றால் வாயில் இருக்கும் பல். பல் என்றால் பல, நிறைய என்றும் பொருள். பல கலைகள் சேர்ந்த இடத்துக்கு நாங்கள் வைத்த பெயரும் அதில்தான் தொடங்குகிறது. உம்மா பாதியில் நிறுத்தியதால் நான் மூன்று மாதமாகப் பல் நோயாளி. என் கோழிக்கால் போன கதையையும் சொன்னேன். கண்ணூறு என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தபோது அது மாமியைக் குற்றம் சொல்கிற மாதிரி இருந்தது. அதனால் மாமி ரொம்பவும் புகழ்வார், எங்கள் வீட்டில் புகழுக்குப் பயம் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"என்ன டொக்டர் இவ, புள்ளக்கு வலின்னா சிரிக்கிறா!" என்றார் மாமி கோபத்தோடு.

சிரித்து முடித்த பிறகு அந்தப் பெண் சொன்னார். "உன்னைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். இப்போது உன் மாமியிடம் கேள். உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அவர் சொல்வதை அப்படியே மொழிபெயர்க்க வேண்டும்."

"டொக்டர் என்னப் பத்திக் கேக்கிறாங்க மாமி," என்றேன்.

மாமி டோர்ச்சை அணைத்து மடியில் வைத்தார். தலைத் துணியைச் சரிசெய்தார். இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"டொக்டர், இந்தப் புள்ளட பல்ல எப்படியாவது காப்பாத்துங்க. இவ லேசான புள்ள இல்ல. ஒண்டு கேட்டா பதில் வரும் வரைக்கும் எழும்ப மாட்டா. சின்னதில தென்னமர நெழல் ஏன் பகல்ல கட்டையாகுதுன்னு பாக்க நாள் பூரா வெயில்ல குந்தி காய்ச்சல் வந்த புள்ள. என்ட மாப்பிள்ள, இவட மாமா, கண்டி ஆசுபத்திரியில ஈந்தப்போ சிங்களத்தில எழுதின துண்டெல்லாம் இவதான் எனக்கு வாசிச்சுச் சொன்னா. மத்தவங்க எல்லாரும் ஒண்டுமில்ல, சரியாயிடும்னாங்க. இவ மட்டும்தான், மாமி, மாமாக்குச் சரிவராது போல ஈக்கு, பக்கத்திலயே இருங்கன்னு சொன்னா. அப்ப இவளுக்குப் பதினாறு வயசு. அதாலதான் கடைசி நேரத்தில நான் அவர்ட பக்கத்தில ஈந்தன். இவளுக்குப் பொய் சொல்ல வராது டொக்டர். சொன்னா காது செவக்கும்."

வாசல் திரைக்குப் பின்னால் உம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மாஷா அல்லாஹ் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வசனத்துக்கு அவரிடமிருந்து சத்தம் வரவில்லை.

"கெட்டிக்காரி என்கிறார்," என்றேன் நான் ஆங்கிலத்தில்.

"அவர் நிறைய நேரம் கதைத்தார்," என்றார் அந்தப் பெண். "அப்படியே என்று சொன்னேன்."

முழுவதையும் சொன்னேன். தென்னமரம், காய்ச்சல், ஆசுபத்திரி, மாமா. என் வாழ்க்கையில் என்னை நானே புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் இன்னொருவரின் வாயால். பொய் சொல்ல வராது என்ற இடம் வந்தபோது என் குரல் இறங்கிப்போனது. அந்தப் பெண் திரையில் என் காதைப் பார்த்தார். அது எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அழைப்பு முடிந்ததும் மாமி கேட்டார். "என்ன சொன்னா? புடுங்கணுமா?"

"பாத்துட்டு மார்ச் கடைசியில சொல்லுவாங்களாம் மாமி."

"ஒரு பல்லுக்கு அவ்வளவு நாளா? இதுக்குப் பேசாம மாத்தளையிலயே புடுங்கியிருக்கலாம்."

மார்ச் கடைசியில், விடியற்காலை சுபஹு தொழுது முடிந்த நேரம், பதில் வந்தது. இடம் தந்திருந்தார்கள். முழுச் செலவும் அவர்களுடையது. நான் போட்ட சத்தத்தில் வாப்பா தொழுகைப் பாயிலிருந்து ஓடிவந்தார். உம்மா என் வாயைப் பொத்தினார், அதே கையால் தன் கண்ணையும் துடைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறந்தது.

"என்ன சத்தம்? பல்லா?"

"பல்லுதான் மாமி! சரியாயிட்டு!"

என் பல்லுக்காக வைத்திருந்த நேர்ச்சையை மாமி அன்றைக்கே நிறைவேற்றினார். ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் செய்து, எங்கள் ஒழுங்கை முழுவதும் பங்கு வைத்தார். சந்திக் கடைக்காரர் வரை என் பல்லின் சுகத்துக்காக இனிப்புச் சாப்பிட்டார். தெருவில் கண்டவர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எதற்கு என்று தெரியாமலேயே சரியான நாளில் சொன்னார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மாமியின் வட்டிலப்பம் அன்றைக்கு எனக்கு இனிக்கவில்லை.

விசா கிடைக்கும் வரை சொல்லக்கூடாது என்று உம்மா மறுபடி தள்ளிப்போட்டார். ஜூலையில் விசாவும் கிடைத்தது. நாங்கள் மூன்று பேருமாகப் போய் மாமியின் வீட்டில் உட்கார்ந்தோம். நான்தான் சொன்னேன். முதலில் மாமிக்கு விளங்கவில்லை.

"அப்ப அந்த வெள்ளக்காரி பல்லு டொக்டர் இல்லயா?"

"இல்ல மாமி. கல்லூரியில ஆள் எடுக்கிறவங்க."

"நான் டோர்ச் அடிச்சேனே!" மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. டோர்ச்சைப் பற்றியும் கோழிக்காலைப் பற்றியும் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது மாமியின் முகம் மெல்ல மாறியது.

"எனக்கு ஏன் சொல்லல?"

வாப்பா ஃபோனை எடுத்துப் பார்த்தார். மாமி உம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. பலாமரத்தையும் வேனையும் பற்றி வீட்டில் என்ன கதைக்கிறோம் என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

"என்ட கண்ணா?" என்றார்.

"மாமி—"

"மாமா மவுத்தாகப் போறாருன்னு என்ட மூஞ்சிக்கு நேரா சொன்ன புள்ள நீங்க. அதச் சொன்ன வாய்க்கு இதச் சொல்ல ஏலாமப் போச்சா?"

கல்லூரியில் இடம் கிடைத்ததில் இருந்த பெருமை எல்லாம் அந்த நிமிடத்தில் வாடிப்போனது.

மாமி சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்தினார். பேசாமல் இருக்கவில்லை, சாப்பாடு அனுப்பாமலும் இருக்கவில்லை. நான் போனால் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கதைப்பார். "குளிருக்குச் சட்ட எடுத்தீங்களா மகள்?" என்று ஆகஸ்ட் மாதத்திடம் கேட்பார். நான் புது உடுப்புக் காட்டப் போனபோது கையால் தடவிப் பார்த்து, துணி நல்லம் என்றார். அழகா ஈக்கு என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை அந்த வீட்டில் நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பயணத்துக்கு எனக்கு மிளகாய்த்தூள் வறுக்கும்போது, புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி நிறைய நேரம் அழுதார்.

போகிற நாள் காலையில் வேன் வந்தது. நடுரோட்டில் நின்ற அதே வேன். சொந்தக்காரர்கள் கேட்டடியில் கூடியிருந்தார்கள். மாமி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். எல்லோருக்கும் பின்னால், மதிலோடு ஒட்டி நின்றார். இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். மூடியது போதாது என்று தலைத் துணியின் நுனியால் பொத்தியும் இருந்தார்.

"நான் பாக்கல்ல மகள்," என்றார் சத்தமாக. "கண்ண மூடித்தான் நிக்கிறன். பயப்படாம போயிட்டு வாங்க."

மற்றக் கையை ஆட்டினார். நான் நின்ற பக்கத்துக்கு அல்ல, டிரைவர் இருந்த பக்கத்துக்கு. டிரைவரும் மரியாதைக்காகத் திருப்பிக் கை ஆட்டினார்.

சிலர் சிரித்தார்கள். நான் மாமியிடம் போவதற்குள் உம்மா போய்விட்டார். மாமியின் கையைப் பிடித்து, துணியைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"மதினி, கண்ணத் தொறங்க."

"வேணாம்."

"தொறந்து பாருங்க. நல்லாப் பாருங்க. நான் ஒண்டும் ஓத மாட்டன்." உம்மாவின் குரல் உடைந்தது. "நீங்க பாக்காம இவ எப்படிப் போற?"

மாமி கண்ணைத் திறந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னை முழுசாகப் பார்த்தார், சப்பாத்திலிருந்து தலை வரைக்கும். அவர் முகம் மலர்ந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அழ—" என்று தொடங்கினார்.

நிறுத்தினார். உம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை வேறு வழியில் திருப்பி முடித்தார்.

"அழாதீங்க மகள்."

நான் அப்போது அழவில்லை. அழுதுகொண்டிருந்தது மாமிதான்.